எலிகள் ஏன் அவ்வளவு குடித்தன?

“அவருக்கு மனவுறுதி இல்லை, டாக்டர்.” மதுப்பழக்கத்திற்குச் சிகிச்சை பெறுவோரின் குடும்பத்தார் பலர் எங்களிடம் இவ்வாறு கூறுவதுண்டு. அந்த முடிவுக்கு வருமுன் ஓர் ஆய்வினை அவர்கள் அறிந்துகொள்ள வேண்டும் என்று கருதுகிறோம்.

1961-ஆம் ஆண்டில் ஜான் ஃபால்க் என்ற அமெரிக்க ஆய்வாளர், பசித்த எலிகளுக்குச் சிறு உணவு உருண்டைகள் சராசரியாக நிமிடத்திற்கு ஒன்று மட்டுமே கிடைக்குமாறு செய்தார். தண்ணீர் எப்போதும் அருகிலேயே இருந்தது. ஒரு முழு நாளில் ஏறத்தாழ 27 மில்லி லிட்டர் குடிக்கும் எலிகள், சுமார் மூன்று மணி நேரத்தில் 90 மில்லி லிட்டர் அளவுக்குக் குடித்தன. அவை நோயுற்றவை அல்ல. தண்ணீரின்றி வாடியவையும் அல்ல. உணவை ஒரே தடவையில் மொத்தமாகக் கொடுத்தால் இந்த மிகைக்குடி தோன்றுவதில்லை.

1972-இல் ஃபால்க்கும் அவருடைய சக ஆய்வாளர்களும் தண்ணீருக்குப் பதிலாக நீர்த்த சாராயத்தை வைத்தனர். உணவு விட்டுவிட்டுக் கிடைத்த அந்தச் சூழலில், எலிகள் மிகுதியாகக் குடித்து, உடலளவில் மதுவுக்கு அடிமையாயின. சாராயத்தை நிறுத்தியபோது அவற்றுக்கு வலிப்பு ஏற்பட்டது.

மனிதர் எலியல்லர். பரம்பரை, மனச்சோர்வு, நட்பு வட்டம், மதுவின் எளிய கிடைப்பு எனப் பல காரணங்கள் மனிதரிடம் பின்னிக் கிடக்கின்றன. ஆயினும், மிகையான குடியை ஒருவரின் குணத்தில் மட்டும் தேடுவது போதாது. அவர் வாழும் சூழலிலும் தேட வேண்டும் என்பதை இவ்வாய்வுகள் உணர்த்துகின்றன. வேண்டியது சிறுகச் சிறுகவே கிடைக்க, இடையில் காத்திருப்பு மட்டுமே எஞ்சும் நிலை, குடியைத் தூண்டக்கூடியது.

ஆகவே, “ஏன் குடித்தாய்?” என்று கடிவதைவிட, “எந்த நேரத்தில், எதற்காகக் காத்திருந்தபோது குடிக்கத் தோன்றியது?” என்று பரிவுடன் கேளுங்கள். கிடைக்கும் பதிலைக் குறித்துவைத்து எங்களிடம் காட்டுங்கள். வேளை தவறாத உணவும், வெறுமையான மாலைப்பொழுதை நிரப்பும் ஏதேனும் ஒரு வேலையும் சிகிச்சைக்குத் துணைநிற்கும்.

இன்னொன்றையும் வலியுறுத்துகிறோம். நெடுநாள் மிகுதியாகக் குடித்தவரை அறையில் பூட்டிவைத்துத் திடீரென நிறுத்தச் செய்யாதீர்கள். எலிகளைப் போலவே மனிதருக்கும் வலிப்பு வரலாம். மனக்குழப்பமும் உயிராபத்தும் நேரலாம். மருத்துவரின் மேற்பார்வையில் நிறுத்துவதே பாதுகாப்பானது. மனவுறுதி வேண்டியதுதான், அதைத் தனியே சுமக்கும்படி அவரை விட்டுவிடாதீர்கள்.