உடலுக்கே தனிமை, உள்ளத்துக்கு அன்று!

நோயுற்றவரை ஒதுக்கி வைப்பது நமக்குப் புதிதன்று. எங்கள் காணைப் பகுதியில் அம்மை கண்ட வீட்டு வாசலில் வேப்பிலை செருகுவார்கள். அயலார் உள்ளே நுழையமாட்டார்கள். ஆனால், நோயாளி தனியே கிடந்ததில்லை. தாயோ பாட்டியோ அருகிருந்து வேப்பிலையால் விசிறுவார்.

2020ஆம் ஆண்டின் கொரோனாக் காலத்தில் அந்தத் துணையும் இல்லாமற் போயிற்று. அவ்வாண்டு மே 5ஆம் நாள் சென்னைக் கோயம்பேடு சந்தை மூடப்பட்டது. அங்கே மூட்டை சுமந்த நம் மாவட்டத்தார் பலர் அந்நாட்களில் ஊர் திரும்பினர். என் சித்தப்பாவும் அவர்களுள் ஒருவர். தோட்டத்துக் கொட்டகையில் பதினான்கு நாள் அவரைத் தனிமைப்படுத்தினர். ஊரார் அந்தப் பக்கமே திரும்பவில்லை.

சித்தப்பாவுக்குப் பகலெல்லாம் படுக்கை, இரவெல்லாம் விழிப்பு. கைபேசியில் இறந்தோர் கணக்கைப் பார்த்தபடியே கிடப்பார். ஐந்தாம் நாள், "மூச்சு முட்டுதுடா, தம்பி" என்றார். பதறிப்போனோம். பரிசோதனையில் நோய் இல்லை என்றே வந்தது. அச்சமும் உறக்கமின்மையுமே அவரை வாட்டியிருக்கின்றன!

அன்று மாலை பாட்டி வேப்பமரத்தடியில் எட்டி அமர்ந்தார். "பொழுதுக்கும் படுத்துக் கெடந்தா ராத்திரி எப்படிடா தூக்கம் வரும்? காலையில எழுந்து வெயில்ல நில்லு" என்றார். பின் நாள்தோறும் அதே நேரத்தில் வந்து ஊர்க்கதை பேசினார். சில நாட்களில் சித்தப்பா உறங்கத் தொடங்கினார்.

மருத்துவ அறிவியல் கூறுவதும் இதுவே. காலை வெளிச்சமே நம் உடலின் கடிகாரத்தைச் சரிசெய்கிறது. நெடும்பகல் உறக்கம் இரவு உறக்கத்தைக் குறைக்கிறது. மனக்கவலை எஞ்சியதையும் கெடுக்கிறது.

'உயிருக்கே போராடும் வேளையில் உறக்கம் ஒரு கேடா?' என்று சிலர் கேட்கலாம். உறக்கம் கெட்டால் உடலின் எதிர்ப்பாற்றலும் குன்றும் என்பதை அவர்கள் மறக்கலாகாது. தனிமைப்படுத்தப்பட்டவருக்கு அரிசி, பருப்பு, மாத்திரையோடு ஒரு மனிதக் குரலும் நாள்தோறும் கிடைக்க வேண்டும் என்பதே என் கருத்து.

2022 அக்டோபர் முதல் 14416 என்ற தொலைபேசி எண்ணில் மனநல ஆலோசனை கிடைக்கிறது. வரவேற்கத்தக்கதே! எனினும், உறவின் குரலுக்கு அது ஈடாகுமா? மாணவ நண்பர்களே, இன்னொரு கொள்ளைநோய் வரின் கதவுகளை அடைப்போம்; ஆனால், எட்டி நின்றேனும் பேசுவோம். அந்தப் பேச்சே ஒருவரை அன்றிரவு உறங்க வைக்கும்.