வலிப்பு நின்றால் போதுமா?

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. விலங்கியல்

காக்காய் வலிப்பு என்றதும் நம் கண்முன் வருவது என்ன? தெருவில் துடிக்கும் உடல், வாயில் நுரை, கையில் திணிக்கப்படும் சாவிக்கொத்து. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். எங்கள் தெருவில் இதற்குமேல் அறிந்தவர் இல்லை. வலிப்பு பெரும்பாலும் ஓரிரு நிமிடங்களில் தானே அடங்குகிறது. பெயர் என்னவோ இரும்புக்கு!

நான் சொல்ல வந்தது அதுவன்று. கண்ணுக்குப் புலப்படாத வலிப்பும் உண்டு. 'ஆப்சென்ஸ்' என்னும் வகையில் குழந்தை விழாது, துடிக்காது. சில நொடிகள் வெறித்துப் பார்த்துவிட்டு, விட்ட வேலையைத் தொடரும். ஒரே நாளில் பலமுறை இப்படி நேரலாம். ஆசிரியரின் வாக்கியத்தில் நடுவே நான்கு சொற்கள் காணாமற் போனால் பொருள் எப்படி விளங்கும்? 'பராக்குப் பார்க்கிறான்' என்று திட்டுதான் விழும்.

இதனினும் கொடியது, 1957-இல் அமெரிக்காவில் லாண்டோ, கிளெஃப்னர் என்ற இருவர் விவரித்த நோய். நன்றாகப் பேசிய குழந்தை, பெரும்பாலும் மூன்று முதல் எட்டு வயதுக்குள், பிறர் பேச்சைப் புரிந்துகொள்ளும் ஆற்றலை இழக்கிறது. தன் பேச்சையும் இழக்கிறது. காது கேட்கும், சொல் விளங்காது. செவிடு என்றே பலர் எண்ணுவர். சிலருக்கு வலிப்பு வெளியே தெரிவதே இல்லை. உறக்கத்தில் மூளையின் மின்னலைகளைப் பதிவு செய்தால்தான் கோளாறு புலப்படும். அரிய நோய்தான். எனினும் மூளையின் மின்குழப்பம் மொழியையே பறிக்கும் என்பதற்கு வேறு சான்றும் வேண்டுமா?

பிறர் மனத்தை ஊகிப்பதும், கேலி எது கோபம் எது என்று பிரித்தறிவதும் வலிப்புள்ள குழந்தைகள் சிலருக்குக் கடினமாயிருப்பதை ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். இங்கேதான் எனக்கு ஆத்திரம் வருகிறது. அத்திறன் விளையாட்டிலும் வம்புப் பேச்சிலும் அல்லவா வளர்கிறது? நாமோ அக்குழந்தையைத் திண்ணையில் உட்கார வைத்துவிட்டு, மற்றப் பிள்ளைகளை விலக்குகிறோம். இது ஒட்டுவாரொட்டியும் அன்று. பிறகு 'பழகத் தெரியாத பிள்ளை' என்கிறோம். நோய் செய்தது எவ்வளவு, நாம் செய்தது எவ்வளவு என்று எந்தக் கருவி பிரித்துக் காட்டும்?

மாத்திரை தவறக் கூடாது. மருந்தால் பெரும்பாலோருக்கு வலிப்பு கட்டுப்படுகிறது. ஆனால் 'இந்த மாதம் எத்தனை முறை வந்தது?' என்பதோடு விசாரணை முடிந்துவிடலாமா? 'கேட்ட கதையைத் திருப்பிச் சொல்கிறானா? யாரோடு விளையாடுகிறான்?' என்றும் கேட்க வேண்டும். நம்மில் பலர் பி.எட். முடித்து ஆசிரியராகப் போகிறவர்கள். முன்வரிசையில் அமர்த்துவது, சொன்னதை மறுமுறை சொல்வது, வெறித்த நேரங்களைக் குறித்துப் பெற்றோரிடம் கொடுப்பது, இவற்றுக்குச் சம்பள உயர்வு தேவையில்லை.

பெற்றோர் நோயை மறைக்கிறார்களே என்பீர்கள். மறைக்கத்தான் செய்வார்கள். 1999-இல் திருத்தப்படும் வரை இந்து திருமணச் சட்டத்திலேயே வலிப்பு ஒரு தடையாக எழுதப்பட்டிருந்தது. பெண் குழந்தையானால் தாய் பக்கத்து வீட்டில்கூட வாய் திறக்கமாட்டாள். 'வகுப்பில் இவளுக்கு இடம் உண்டு' என்று முதலில் சொல்லிவிட்டு, பிறகு கேட்டுப் பாருங்கள்.