‘மருந்து’ அடித்தவரை யார் கேட்டார்?

இயற்கை வேளாண்மை சிறந்ததா, இரசாயன வேளாண்மை சிறந்ததா? இடைநிலைப்பள்ளியில் விவாத மேடை ஏறியவர்கள் ஒரு முறையாவது இந்தத் தலைப்பைச் சந்தித்திருப்பார்கள். ஒரு தரப்பு உடல்நலம், மண்வளம், நம்மாழ்வார் என்று பேசும். மறுதரப்பு விளைச்சல், விலை, மக்கள்தொகை என்று பேசும். நான் இரண்டு தரப்பிலும் நின்று பேசியிருக்கிறேன். ஒரு முறை கோப்பையும் வாங்கியிருக்கிறேன். ஆனால், முதுகில் பம்பைக் கட்டிக்கொண்டு களைக்கொல்லி தெளிப்பவரைப் பற்றி எந்தத் தரப்பும் பேசி நான் கேட்டதில்லை. காய்கறியில் எவ்வளவு நஞ்சு மிஞ்சியிருக்கிறது என்பதுதான் நம் கவலை. அதாவது, சாப்பிடுபவரின் கவலை.

தஞ்சோங் மாலிமில் படிக்கும் நமக்கு இந்தக் கேள்வி கொஞ்சம் வேறு மாதிரி வர வேண்டும். சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகத்திலிருந்து பேராங், சிலிம் ரிவர் பக்கம் போனால் செம்பனைத் தோட்டங்களைப் பார்க்கலாம். அதற்கு முன் இந்த வட்டாரம் பால்மரக் காடாக இருந்தது. இங்குள்ள தோட்டம் ஒன்றில்தான் என் பாட்டி எழுபதுகளின் நடுவிலிருந்து இருபது ஆண்டுகளுக்கு மேல் வேலை செய்தார். பால் வெட்டு சில ஆண்டுகள். பிறகு வெளிக்காட்டு வேலை. புல் அழிக்க மருந்து அடிப்பது அதில் முக்கால் பங்கு.

“மருந்துன்னுதான் சொல்லுவோம்மா. விஷம்னு யாரும் சொன்னதில்ல,” என்பார் பாட்டி.

இந்தச் சொல்லை நான் ரொம்ப நாள் யோசித்திருக்கிறேன். மலாய் மொழியில் களைக்கொல்லிக்குப் பெயர் ‘ராச்சுன் ரும்பாய்’. ராச்சுன் என்றால் நஞ்சு. உள்ளதை உள்ளபடி சொல்லிவிடுகிறது. தமிழில் நாம் அதை ‘மருந்து’ என்கிறோம். புல்லுக்கு மருந்து, பூச்சிக்கு மருந்து, எலிக்கு மருந்து. காய்ச்சலுக்குக் குடிப்பதும் மருந்து. ‘களைக்கொல்லி’ என்ற நல்ல சொல் பாடநூலில் இருக்கிறது. தோட்டத்தில் அது புழங்கவில்லை. மருந்து என்று நினைத்துக் கலக்குபவருக்கும் நஞ்சு என்று தெரிந்து கலக்குபவருக்கும் கை நடுங்குவதில் வித்தியாசம் இருக்காதா?

பாட்டிக்குக் கால் விரல் நகங்கள் கறுத்து உதிர்ந்தன. சில நாள்களில் மூக்கில் இரத்தம் வரும். பம்பு ஒழுகினால் முதுகுத் தோல் வெந்துபோகும். கையுறையும் முகமூடியும் எப்போதாவது கொடுத்தார்களாம். ஆனால் பத்து மணி வெயிலில் அவற்றைப் போட்டுக்கொண்டு மூச்சுவிட முடியவில்லை என்று எல்லாரும் கழற்றி வைத்துவிடுவார்களாம். அடித்தது என்ன மருந்து என்று பாட்டிக்கு இன்றுவரை தெரியாது. யாரும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை.

இது ஒரு வீட்டுக் கதை மட்டும் அன்று. தோட்டங்களில் மருந்து தெளித்த பெண்களின் நிலையைப் பற்றி, ஐரின் பெர்னாண்டஸ் தொடங்கிய தெனாகானித்தா அமைப்பும் ஆசிய பசிபிக் பூச்சிக்கொல்லி எதிர்ப்புக் கூட்டமைப்பும் 2002ஆம் ஆண்டு ஆய்வறிக்கை ஒன்றை வெளியிட்டன. அதே ஆண்டு மலேசியா ‘பாராகுவாட்’ என்ற களைக்கொல்லியைப் படிப்படியாக நிறுத்துவதாக அறிவித்தது. பாராகுவாட் 1962இல் விற்பனைக்கு வந்த பொருள். உள்ளே போனால் நுரையீரலைச் சிதைக்கும். அதற்கு மாற்று மருந்து கிடையாது. தடை நிலைக்கவில்லை. 2006இல் அது தளர்த்தப்பட்டது. விலை மலிவு, வேகமாக வேலை செய்கிறது, செம்பனைக்கு வேறு வழியில்லை என்பவை அன்று தோட்டத்துறை சொன்ன காரணங்கள். முழுத் தடை வந்தது 2020 ஜனவரி 1ஆம் தேதிதான். முதல் அறிவிப்புக்கும் கடைசித் தடைக்கும் நடுவில் ஏறக்குறைய பதினெட்டு ஆண்டுகள்! என் வயதில் பெரும்பகுதி அதற்குள் போய்விட்டது. தடை முழுதாக வந்த பிறகு செம்பனைத் தொழில் படுத்துவிடவில்லை என்பதையும் நாம் கவனிக்க வேண்டும்.

அப்படியானால் எல்லாவற்றையும் இயற்கை வேளாண்மைக்கு மாற்றிவிடலாமா? என் பதில், அப்படி ஒரே நாளில் முடியாது என்பதுதான். 2012இல் ‘நேச்சர்’ இதழில் வந்த ஓர் ஒப்பாய்வு, இயற்கை முறை விளைச்சல் பயிரையும் நிலத்தையும் பொறுத்து 5 முதல் 34 விழுக்காடு வரை குறைவு என்றது. 2014இல் வந்த இன்னொரு பெரிய ஒப்பாய்வு சராசரி இடைவெளியைச் சுமார் 19 விழுக்காடு என்று கணக்கிட்டது. பயிர்களைக் கலந்தும் சுழற்சி முறையிலும் நட்டால் இடைவெளி சுருங்குகிறது என்றும் அது சொன்னது. இருந்தாலும் இடைவெளி உண்மை. அதை மறைத்துவிட்டு இயற்கை வேளாண்மைக்காக வாதாடுவது நேர்மையாகாது.

இலங்கையைப் பாருங்கள். 2021 மே மாதம் அந்நாட்டு அரசு இரசாயன உரம், பூச்சிக்கொல்லி இறக்குமதியை ஒரேயடியாக நிறுத்தியது. விவசாயிகளுக்குப் பழகிக்கொள்ள அவகாசம் இல்லை. நாடு முழுக்கத் தேவையான இயற்கை உரமும் கையில் இல்லை. நெல் விளைச்சலும் தேயிலை விளைச்சலும் சரிந்தன. நவம்பரிலேயே அரசு பின்வாங்க வேண்டியதாயிற்று. அங்கே கொழுந்து பறிப்பவர்கள் பெரும்பாலும் மலையகத் தமிழ்ப் பெண்கள். இத்தனை கிலோ பறித்தால்தான் முழுப் பேர், குறைந்தால் அரைப் பேர் என்பது அவர்கள் சம்பளக் கணக்கு. செடியில் கொழுந்து குறைந்தபோது அடி முதலில் விழுந்தது அவர்கள் கூலியில்தான். தலைநகரில் இருப்பவர்கள் நல்ல நோக்கத்தோடு போட்ட சட்டம்கூடப் பம்பு சுமப்பவரையும் கூடை சுமப்பவரையும் கேட்காமல் போட்டால் இப்படித்தான் ஆகும்.

நம் மேடைகளில் நாம் காட்டுவதுபோல இரண்டு முறைகளும் எதிரெதிர் முகாம்களும் அல்ல. இரசாயன உரம் போடும் செம்பனைத் தோட்டங்களிலேயே கம்பம் நட்டு மரப்பெட்டி வைத்துக் கூகை வளர்க்கிறார்கள். ஆந்தை இனத்துப் பறவை அது. பழக்குலைகளைக் கடிக்கும் எலிகளை இரவில் பிடித்துத் தின்றுவிடும். எலி மருந்து செலவு குறைகிறது. இளங்கன்றுகளுக்கு இடையே அவரைக் குடும்பத்துக் கொடிகளைப் படரவிடுவது பால்மரக் காலத்திலிருந்தே உள்ள வழக்கம். கொடி மண்ணை மூடிக்கொண்டால் புல் தலைதூக்காது. வேரில் தழைச்சத்தும் சேரும். புல் குறைந்தால் பம்பு தூக்கும் நாள்களும் குறையும். என்னைக் கேட்டால், ‘முழு இயற்கையா, முழு இரசாயனமா’ என்பதைவிட ‘இந்த மாதம் எத்தனை நாள் பம்பு தூக்கினார்கள்’ என்பது நல்ல கேள்வி.

சான்றிதழ்களையும் அந்தக் கண்ணோடு பார்க்கலாம். விவசாயத் துறையின் மைஆர்கானிக் முத்திரை, செயற்கை இரசாயனம் சேர்க்கவில்லை என்பதற்கு அடையாளம். மைகேப் முத்திரை இரசாயனத்தை அனுமதிக்கிறது. ஆனால் முறையாகப் பயன்படுத்த வேண்டும் என்கிறது, வேலை செய்பவரின் பாதுகாப்பையும் பார்க்கிறது. கடையில் நாம் தேடுவது முதல் முத்திரையை மட்டும்தான். அதுவும் விலை கட்டுப்படியானால். மாணவர் கைச்செலவுக்கு இரவுச் சந்தைக் கங்கோங்தான் சரிப்படும். நானும் அதைத்தான் வாங்குகிறேன்.

பாராகுவாட் போன பிறகு தோட்டங்களில் கிளைபோசேட், குளுஃபோசினேட் போன்றவை புழங்குகின்றன. கிளைபோசேட் மனிதருக்குப் புற்றுநோய் தரக்கூடியதாக இருக்கலாம் என்று 2015இல் உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியது. அமெரிக்க, ஐரோப்பியக் கண்காணிப்பு அமைப்புகள் அதை ஏற்கவில்லை. குளுஃபோசினேட்டுக்கு ஐரோப்பிய ஒன்றியத்தில் இருந்த அனுமதி 2018இல் முடிந்துவிட்டது. நம் நாட்டில் பம்பைச் சுமப்பவர்களோ மாறிவிட்டார்கள். இப்போது அவர்களில் பெரும்பாலோர் இந்தோனேசியா, வங்காளதேசம் போன்ற நாடுகளிலிருந்து வந்தவர்கள். வங்காளதேசத்திலிருந்து வந்தவருக்கு ‘ராச்சுன்’ என்ற சொல்லே புதிது. நம் பாட்டிமார் இறக்கி வைத்த பம்பு அவர்கள் முதுகுக்குப் போயிருக்கிறது. நாம் படித்து வெளியேறிவிட்டோம் என்பதற்காக அது நம் கதை இல்லை என்று ஆகிவிடுமா?

எங்கள் வகுப்பில் பாதிப் பேர் இன்னும் சில ஆண்டுகளில் ஆசிரியர்களாகப் போகிறோம். பல தமிழ்ப்பள்ளிகளில் காய்கறித் தோட்டம் இருக்கிறது. அங்கே இரண்டு பாத்திகள் போட்டு, ஒன்றில் வைக்கோல் மூடாக்கு போடச் சொல்லலாம். மற்றதைத் திறந்த மண்ணாக விடலாம். இரண்டிலும் கையால் களை எடுக்க ஒவ்வொரு வாரமும் எத்தனை நிமிடம் ஆகிறது என்று பிள்ளைகள் குறித்து வைக்கட்டும். தவணை முடிவில் அந்த நேரத்தைக் கூட்டி, அதற்கு ஒரு நியாயமான கூலியைப் போட்டுப் பார்க்கட்டும். ஒரு கட்டுக் கீரையின் விலையில் அது எவ்வளவு என்று அவர்களே சொல்வார்கள்.