அண்ணன் மகன் கடைக்கு வந்த ஸ்விட்ச்



அண்ணன் மகன் ஜவுளிக்கடைக்கு நெட்வொர்க் ஸ்விட்ச் வாங்க இரண்டு கொட்டேஷனோடு வந்தான். இரண்டிலும் 24 போர்ட். ஒன்று சாதாரணம்; மற்றது மேனேஜ்டு, விலை மூன்று மடங்கு. "ரெண்டும் ஒண்ணுதானே அத்தை?" என்றான்.

ஒன்றில்லை. நான் முதலில் வேலை பார்த்த பள்ளியில் ஐந்து வகுப்பும் ஒரே கூடத்தில்தான். மூன்றாம் வகுப்பு வாய்ப்பாடு சொன்னால் ஐந்தாம் வகுப்புக் கணக்கு தப்பாகும். சாதாரண ஸ்விட்ச் அந்தக் கூடம் மாதிரி. பில்லிங் கணினி, கேமரா, வாடிக்கையாளர் வைஃபை எல்லாம் ஒன்றாகக் கிடக்கும். மேனேஜ்டில் விலான் என்று தடுப்பு வைக்கலாம். ரவுட்டரிலும் அதற்கேற்ப விதி போட்டுவிட்டால் வைஃபைக்கு வந்தவர் பில்லிங் பக்கம் எட்டிப்பார்க்க முடியாது.

போன தீபாவளிக் கூட்டத்தில் கடைப்பையன் ஒரே கேபிளின் இரு முனையையும் ஒரே ஸ்விட்சில் செருகிவிட்டான். அரை நாள் பில் போட முடியவில்லை! ஸ்பேனிங் ட்ரீ வசதி இருந்திருந்தால் அந்தச் சுற்றை அதுவே அடைத்திருக்கும்.

கேமராவுக்குக் கேபிளிலேயே மின்சாரம் போவதானால் மொத்த வாட்டையும் பாருங்கள். 8 போர்ட்டுக்குத் தலா 15.4 என்றால் 123 வாட்டுக்கு மேல் வேண்டும்.

வருடா வருடம் உரிமம் கட்டும் ரகம் இந்த அளவு கடைக்கு வேண்டாம் என்பேன். பிரவுசரில் அமைக்கும் ஸ்மார்ட் ரகம் போதும். ஆனால் அமைக்க ஆள் வேண்டும். பெட்டியைப் பிரித்து அப்படியே செருகினால் அதுவும் பழைய கூடம்தான்.

அவன் வாங்கிவிட்டான். பாஸ்வேர்டு இன்னும் கம்பெனி வைத்ததே. இந்தத் துறையில் இருக்கும் என் பிள்ளைகள் யாராவது ஞாயிறு வந்து அமைத்துக் கொடுங்களேன். மதியச் சாப்பாடு நம் வீட்டில்.