மகனுக்கு மேடை இல்லை, அப்பாவுக்கு மட்டும் அழைப்பு

சித்திரை, வைகாசி வந்துவிட்டால் செந்துறை வட்டாரத்தில் கச்சேரி இல்லாத இரவு குறைவு. கோயில் திருவிழா, காதுகுத்து, கல்யாணம் என்று ஏதாவது ஒரு பந்தலில் மைக் செட் பாடிக்கொண்டே இருக்கும். ஆலத்தியூரில் ஷிஃப்ட் முடிந்து வருகிறவர்கள் வண்டியை ஓரங்கட்டி நிறுத்தி, இரண்டு பாட்டாவது கேட்டுவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார்கள். பாடகரை நாம் பார்க்கிறோம். கீபோர்டுக்காரரைப் பார்க்கிறோம். டிரம்ஸுக்குப் பக்கத்தில், விளக்கு சரியாக விழாத இடத்தில், நான்கு தந்தி உள்ள நீளமான கிதாரை மாட்டிக்கொண்டு ஒரு பையன் நிற்பான். அவனை யாரும் பார்ப்பதில்லை. அவன்தான் பேஸ் கிதார் வாசிக்கிறவன்.

அவன் வாசிப்பது தனியாகக் காதில் விழாது. நெஞ்சில்தான் விழும். டிரம்ஸ்காரர் காலால் மிதிக்கும் பெரிய முரசோடு அவன் விரல் சேர்ந்து விழுந்தால் பாட்டு நடக்கும், பிசகினால் பாட்டு தள்ளாடும். அவன் நிறுத்திவிட்டால்தான் ஏதோ குறைகிறது என்று கூட்டத்துக்கே தெரியும். பணம் குறைந்த குழுக்களில் பேஸ் கிதாருக்கு ஆள் இருக்காது. கீபோர்டுக்காரர் இடது கையால் அந்த வேலையைச் சமாளிப்பார். அதற்கும் வழியில்லாத இடத்தில் டிராக் போட்டுப் பாடிவிட்டுப் போய்விடுகிறார்கள்.

ஆலத்தியூர் பக்கத்துக் காலனி ஒன்றில் ஐந்து பையன்கள் இப்படி ஒரு குழு வைத்திருப்பதை நாம் அறிவோம். ஒருவர் ஒப்பந்தத் தொழிலாளி, இருவர் கல்லூரி மாணவர்கள். பேஸ் வாசிக்கும் பையன் ஐ.டி.ஐ. முடித்தவன். திருச்சியில் பழைய கிதார் ஒன்றை வாங்கி வந்து, அலைபேசியில் பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டான். அவன் அப்பா பறை வாசிக்கிறவர். அவன் தாத்தாவும் அப்படித்தான்.

சென்ற ஆண்டு பக்கத்து ஊர் ஒன்றில் கல்யாண வரவேற்புக்கு இந்தக் குழுவை அழைத்தார்கள். முன்பணமும் கொடுத்தார்கள். நான்கு நாள் கழித்து, "நீங்கள் எந்தத் தெரு?" என்று ஒரு போன் வந்தது. மறுநாள், "வீட்டில் கச்சேரி வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்" என்று முன்பணத்தைத் திரும்பக் கேட்டார்கள். பையன்கள் கொடுத்துவிட்டார்கள். வரவேற்பு நடந்த அன்று அந்தப் பந்தலில் வேறு குழு பாடியது.

அதோடு முடிந்திருந்தால் இதை எழுதவேண்டிய அவசியம் இருந்திருக்காது. இரண்டு மாதம் கழித்து அதே வீட்டில் ஒரு பெரியவர் இறந்துபோனார். விடிகாலையிலேயே காலனிக்கு ஆள் வந்தது. வந்தவர் பையனைத் தேடவில்லை, அவன் அப்பாவைத் தேடினார். அவரும் போனார். அன்றைய கூலி அந்த வீட்டுக்கு வேண்டியிருந்தது. மகன் சில நாள் அப்பாவிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. இருவரில் யாரையும் நாம் குறை சொல்ல முடியாது. ஒரே வீட்டில் இரண்டு கலைஞர்கள் இருக்கும்போது, ஒருவரைச் சாவுக்கு மட்டும் அழைத்துவிட்டு இன்னொருவரைக் கல்யாணத்துக்கு வேண்டாம் என்று சொன்னவர்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.

பறையா, கிதாரா?

இந்தச் சம்பவத்தைப் பற்றிப் பேசினால் நம் பக்கத்திலேயே இரண்டு குரல் எழும்பும். "பறை நம் கலை. அதை விட்டுவிட்டு வெள்ளைக்காரன் வாத்தியத்தைத் தூக்கிக்கொண்டு ஏன் அலைய வேண்டும்?" என்பது ஒன்று. "பறைதான் நம்மைக் கீழே வைத்தது, அதைத் தொடவே கூடாது" என்பது மற்றொன்று.

இரண்டாவது குரலுக்கு வரலாறு உண்டு. நமக்குப் பக்கத்தில் இருக்கும் காட்டுமன்னார்கோயில், சிதம்பரம் பகுதிகளில், சாவுக்குப் பறையடிக்க மாட்டோம் என்ற போராட்டத்தை எல். இளையபெருமாள் முன்னின்று நடத்தினார். அவர் எதிர்த்தது வாத்தியத்தை அல்ல. கேட்டால் மறுக்க முடியாத கட்டாயத்தையும், கூலி என்ற பெயரில் வீசப்பட்ட நெல்லையும் கள்ளையும்தான் எதிர்த்தார். அந்த மறுப்பு இல்லாமல் இன்றைய தலைமுறை நிமிர்ந்து பேரம் பேசியிருக்க முடியாது.

முதல் குரலுக்கும் நியாயம் உண்டு. திண்டுக்கல்லில் 1990இல் தொடங்கிய சக்தி நாட்டுப்புறக் கலைப் பண்பாட்டு மையம், தலித் பெண்களின் கையில் பறையைக் கொடுத்து மேடையேற்றியது. ஆண்கள் மட்டும், சாவுக்கு மட்டும் என்றிருந்த பறை அங்கே விடுதலையின் வாத்தியம் ஆனது. மதுரை வேலு ஆசானுக்கு 2025இல் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டபோது, காலனிகளில் பட்டாசு வெடிக்காவிட்டாலும் பல வீடுகளில் கண் கலங்கியது.

ஆனால் வாத்தியத்துக்குச் சொந்த ஊர் பார்ப்பது சரியில்லை. இன்று கர்நாடகக் கச்சேரியில் வயலின் இல்லாமல் முடியாது. அது ஐரோப்பியர் கொண்டுவந்தது, பாலுசுவாமி தீட்சிதர் காலத்தில்தான் நம் இசைக்குள் வந்தது. சாக்ஸபோனும் மாண்டலினும் சபா மேடை ஏறியதைப் பார்த்தோம். அவற்றைக் கையில் எடுத்தவர்களிடம் "உன் பரம்பரை வாத்தியம் என்ன ஆயிற்று?" என்று எவரும் கேட்கவில்லை. அந்தக் கேள்வியைக் காலனிப் பையனிடம் மட்டும் ஏன் கேட்க வேண்டும்?

பேர் போடாத விரல்கள்

பேஸ் கிதாரின் கதையில் நமக்குப் பழக்கமான ஒரு கதை இருக்கிறது. அமெரிக்காவில் லியோ ஃபெண்டரின் பட்டறையிலிருந்து 1951இல் விற்பனைக்கு வந்த பேஸ் கிதார்தான் இந்த வாத்தியத்தை உலகம் முழுக்கக் கொண்டுசென்றது. அதை வாசித்தவர்களில் தலைசிறந்தவர் என்று பலரும் சொல்வது ஜேம்ஸ் ஜேமர்சனை. 1936இல் தென் கரோலினாவில் பிறந்த கறுப்பினத்தவர். டெட்ராய்ட் நகரில் மோட்டவுன் என்ற இசைத்தட்டு நிறுவனத்துக்கு வாசித்தார். வலது கையின் ஒரே விரலால் தந்தியைச் சுண்டுவார். 1960களில் உலகமே ஆடிய பாட்டுகளில் அவர் விரல் இருந்தது. ஆனால் அந்த இசைத்தட்டுகளின் உறையில் வாசித்தவர்களின் பெயரைப் போடும் வழக்கம் இல்லை. 1971இல் மார்வின் கேயின் இசைத்தட்டு ஒன்று வந்தபோதுதான் ஜேமர்சனின் பெயர் அச்சில் ஏறியது. 1983இல் அவர் இறந்தார். ராக் இசைக்கான புகழ்க்கூடத்தில் அவருக்கு இடம் கிடைத்தது 2000இல்.

கறுப்பின மக்களின் பிளாக் பாந்தர் இயக்கத்தைப் பார்த்துத்தான் 1972இல் மகாராஷ்டிரத்தில் தலித் பாந்தர்கள் உருவானார்கள். அரசியலில் அவர்களிடமிருந்து கற்றுக்கொண்ட நாம், இசையிலும் ஒன்றைக் கற்றுக்கொள்ளலாம். வேலை செய்தவரின் பெயர் எழுதப்பட வேண்டும். நம் ஊர்த் திருவிழா நோட்டீஸை எடுத்துப் பாருங்கள். வாணவேடிக்கைக்காரர் பெயர் இருக்கும், பந்தல் போட்டவர் பெயர் இருக்கும், நாகஸ்வர வித்வான் பெயர் பட்டத்தோடு இருக்கும். பறை வாசித்தவரின் பெயர் இருக்கிறதா?

கீழ்ப்பாக்கத்தில் ஒரு மேடை

சென்னை கீழ்ப்பாக்கத்தில் 2018 ஜனவரி 6 அன்று தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் என்ற இசைக்குழு முதன்முதலாக மேடையேறியது. இயக்குநர் பா. இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் தென்மாவும் சேர்ந்து உருவாக்கிய குழு அது. சாதி பேதமற்ற தமிழர் என்று மக்களைப் பதியச் சொன்ன அயோத்திதாச பண்டிதரின் சிந்தனையிலிருந்து பெயரை எடுத்துக்கொண்டார்கள். சாவு வீட்டுக் கானா பாடியவர்கள், சட்டியும் கட்ட மோளமும் பறையும் வாசித்தவர்கள், எலக்ட்ரிக் கிதார் வாசித்தவர்கள், ராப் பாடியவர்கள் எல்லோரும் கோட்டு சூட்டுப் போட்டு ஒரே வரிசையில் நின்றார்கள். இடஒதுக்கீட்டைப் பற்றியும் மலக்குழி மரணங்களைப் பற்றியும் மாட்டுக்கறியைப் பற்றியும் பாடினார்கள். அந்தக் குழுவின் இசைவாணி, 2020இல் பி.பி.சி.யின் உலகின் 100 பெண்கள் பட்டியலில் இடம்பெற்றார். அதே ஆண்டு டிசம்பரில் மார்கழியில் மக்களிசை தொடங்கியது. சபாக்களுக்கே உரியது என்று நினைத்திருந்த மாதத்தில் பறையும் கானாவும் ஒப்பாரியும் மேடை ஏறின.

அந்த மேடையில் பறை வேறு, கிதார் வேறு என்று யாரும் பிரித்து வைக்கவில்லை. பறையின் அடிக்குச்சியும் சுண்டுக்குச்சியும் ஒன்றுக்கொன்று பதில் சொல்வதைச் சின்ன வயதிலிருந்தே கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு, டிரம்ஸோடு பேஸ் கிதாரைச் சேர்ப்பது புது வித்தை அல்ல. காலக்கணக்கு ஏற்கெனவே அவன் உடம்பில் இருக்கிறது. ஆலத்தியூர் பக்கத்துப் பையன் இரண்டே ஆண்டில் மேடைக்கு வந்ததற்குக் காரணம் அலைபேசி மட்டும் அல்ல, தீயில் காய்ச்சிய பறையை அப்பா தட்டிப் பார்க்கும்போது பக்கத்தில் உட்கார்ந்திருந்ததும்தான். அப்பாவுக்கும் மகனுக்கும் நடுவில் மனத்தாங்கல் வரத் தேவையே இல்லை. இருவரும் ஒரே தொழில்காரர்கள்.

என்ன செய்யலாம்?

முதலாவது, கூலிப்பேச்சு. கச்சேரிக்குப் போகும் குழு முன்பணம் வாங்குகிறது, நேரம் குறிக்கிறது, வண்டி வாடகை கேட்கிறது, சாப்பாடு எங்கே என்று கேட்கிறது, பிடிக்காவிட்டால் வர முடியாது என்கிறது. சாவுக்குப் பறையடிக்கப் போகிறவரும் இதே ஐந்தையும் கேட்க வேண்டும். மறுக்கிற உரிமை இல்லாத இடத்தில் எவ்வளவு கூலி கொடுத்தாலும் அது கலைக்குக் கொடுத்த மரியாதை ஆகாது. கட்டாயப்படுத்தி வேலை வாங்குவது 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி குற்றம் என்பதை ஊர்ப் பெரியவர்களும் அறிந்திருக்க வேண்டும். பையன்களும் கச்சேரி ஒப்புக்கொள்ளும்போது, காரணமில்லாமல் ரத்து செய்தால் முன்பணம் திரும்பாது என்று எழுதிக் கையெழுத்து வாங்கட்டும்.

இரண்டாவது, பழகுவதற்கு இடம். பேஸ் கிதாருக்குப் பெட்டி போன்ற ஒரு ஸ்பீக்கரும் மின்சாரமும் வேண்டும். ஓட்டு வீட்டில் வைத்து வாசித்தால் பாத்திரமெல்லாம் அதிரும். நம் காலனிகளில் சமுதாயக் கூடங்கள் பாதி நாள் பூட்டியே கிடக்கின்றன. மாலையில் இரண்டு மணி நேரம் அவற்றை இளைஞர்களுக்குத் திறந்துவிடுவதற்கு ஊராட்சியில் ஒரு தீர்மானம் போதும். கிராம சபையில் இதைக் கேளுங்கள்.

மூன்றாவது, பாடம். மாவட்ட அரசு இசைப்பள்ளிகளில் குரலிசை, நாகஸ்வரம், தவில், தேவாரம், பரதம், வயலின், மிருதங்கம் சொல்லித் தருகிறார்கள். பறையும் கிதாரும் அதே தகுதியோடு முழுநேரப் பாடமாக வேண்டும். பறை சொல்லிக்கொடுக்க ஆசிரியரைத் தேடி வெகுதூரம் போக வேண்டாம், செந்துறை வட்டாரத்திலேயே இருக்கிறார்கள். பறைக் கலைஞர்கள் நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியத்தில் பதிந்துகொள்ள வேண்டும். கல்வி, திருமணம் போன்றவற்றுக்கு உதவித்தொகை உண்டு. விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுப்பது நம் கல்லூரி மாணவர்களின் வேலை.

நான்காவது, பத்து மணிச் சட்டம். இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்பது 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதி. நல்ல விதிதான். ஊர்த்தெருத் திருவிழாவில் அது தூங்கிவிட்டு, காலனித் திருவிழாவில் மட்டும் சரியாகப் பத்து மணிக்கு விழித்துக்கொள்ளக் கூடாது.

அம்மாக்களின் கவலையும் நமக்குப் புரிகிறது. "கிதாரைத் தூக்கிக்கொண்டு ராத்திரியெல்லாம் சுற்றினால் படிப்பு என்ன ஆவது?" என்கிறார்கள். படிப்பின் அருமையை, குழுமூர் அனிதா பிறந்த மண்ணுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. படிப்பு முதலில், கச்சேரி பிறகு. அதில் நமக்கு இரண்டு கருத்து இல்லை. ஆனால் வாரம் இரண்டு மாலை நான்கு பேர் சேர்ந்து உட்கார்ந்து, ஒருவர் தப்பை ஒருவர் திருத்தி, ஒரு பாட்டை முழுதாக வாசித்து முடிப்பதும் படிப்புதான். சாராயக் கடைக்கும் சண்டைக்கும் போகிற மாலையை அது பிடித்து வைத்துக்கொள்கிறது.

அந்த ஐந்து பையன்களும் குழுவைக் கலைக்கவில்லை. இந்த ஆண்டு அம்பேத்கர் பிறந்தநாளுக்குத் தங்கள் காலனியிலேயே வாசித்தார்கள். முதல் இரண்டு பாட்டு கிதாரோடு போனது. மூன்றாவது பாட்டுக்கு அப்பாவும் பறையோடு மேடைக்கு வந்தார். பேஸ் வாசிக்கும் மகன் டிரம்ஸ் பக்கத்திலிருந்து நகர்ந்து அவருக்குப் பக்கத்தில் வந்து நின்றான். நோட்டீஸில் இருவர் பெயரும் அச்சாகியிருந்தது. அடுத்த முறை எந்த ஊர்க்காரர்கள் கச்சேரி பேச வந்தாலும், அந்த நோட்டீஸை முதலில் எடுத்துக் கொடுக்கச் சொல்லியிருக்கிறோம். கல்யாணமானாலும் சாவானாலும், பெயர் சொல்லி அழைத்து, மறுக்கும் உரிமையை ஒப்புக்கொண்டு பேசுகிறவர்களோடு மட்டும் பேசுவோம்.