ஓர் எழுத்து, ஒரு சிதை

சாஸ்திர விவாதங்களில் எல்லாருக்கும் கைகொடுக்கும் ஒரு சொல் உண்டு: இடைச்செருகல். சங்கடம் தரும் சுலோகத்தை எதிராளி எடுத்து நீட்டினால், 'அது பின்னால் யாரோ சேர்த்தது' என்று ஒதுக்கிவிடலாம். தனக்குச் சாதகமானது மட்டும் ஆதி மூலம். இப்படிப் பேசுகிறவர்களில் ஆத்திகரும் உண்டு, நாத்திகரும் உண்டு. சுவடியைப் புரட்டிப் பார்த்தவர்கள்தான் குறைவு. அப்படிப் புரட்டிப் பார்த்து, ஐயத்துக்கு இடமின்றி முடிவு கண்ட விவகாரம் ஒன்று இருக்கிறது. தகராறு ஓர் எழுத்தில். பணயமோ விதவைகளின் உயிர்.

ரிக் வேதத்தின் பத்தாம் மண்டலத்தில் 18-வது சூக்தம் சாவுச் சடங்கு பற்றியது. அதன் ஏழாவது மந்திரம் அங்கே கூடியிருக்கும் சுமங்கலிகளைப் பற்றிப் பேசுகிறது. கண்ணீரின்றி, மையும் நெய்யும் பூசி, நகை அணிந்து, அவர்கள் முதலில் தங்கள் இடத்துக்கு ஏறட்டும் என்பது அதன் கருத்து. 'முதலில்' என்பதற்கு மந்திரத்தில் உள்ள சொல் 'அக்ரே'. அதையே 'அக்னேஹ்' என்று படித்தால் 'நெருப்பின்' என்றாகிவிடும். பெண்கள் நெருப்பின் இருப்பிடத்துக்குள் ஏறட்டும்! எழுத்தில் பார்த்தால் 'க்ரே'வுக்கும் 'க்னே'வுக்கும் அதிக வித்தியாசம் இல்லை.

வங்காளத்தில் புழங்கியது நெருப்புப் பாடம். 16-ம் நூற்றாண்டு ஸ்மிருதி பண்டிதர் ரகுநந்தனரின் 'சுத்தி தத்துவ'த்தில் அது அப்படித்தான் காணப்பட்டது. கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரியான கோல்புரூக், 1795-ல் இந்து விதவையின் கடமைகள் பற்றி எழுதிய கட்டுரையில் அதையே ஆங்கிலத்தில் கொடுத்தார். உடன்கட்டைக்கு வேதமே ஆதாரம் என்ற எண்ணம் ஆட்சியாளர்களிடமும் பரவியது. 1815 முதல் 1828 வரை வங்காள மாகாணத்தில் அரசுக் கணக்கில் ஏறிய உடன்கட்டைகள் மட்டும் 8,000-க்கும் மேல்.

மந்திரம்தான் அவர்களைக் கொன்றது என்று சொல்ல முடியாது. மகன் இல்லாத விதவைக்குக் கணவன் சொத்தில் அனுபவ உரிமை தந்த தாயபாக முறை, குலப் பெருமை, ஆயுள் முழுக்கச் சோறு போடும் செலவு என்று காரணங்கள் வேறு இருந்தன. மந்திரம் அவற்றுக்குக் கிடைத்த முத்திரை.

விசித்திரம் என்னவென்றால், உடன்கட்டையை எதிர்த்த ராம்மோகன் ராயும் இந்தப் பாடத்தை மறுக்கவில்லை. 1818-ல் அவர் வெளியிட்ட உரையாடல் நூலில் எதிர்த்தரப்பு இதை மேற்கோள் காட்டுகிறது. எழுத்தே தப்பு என்று அவர் சொல்லவில்லை. பலனை எதிர்பார்த்துச் செய்யும் சடங்குகளைவிட ஞானமே உயர்ந்தது என்று உபநிடதங்களைக் கொண்டு வாதாடினார். விதவைக்கு மனு விதித்தது துறவு வாழ்க்கைதான் என்றார். 1829 டிசம்பரில் பெண்டிங்க் தடைச் சட்டம் கொண்டுவந்தார். அதை எதிர்த்து லண்டன் பிரிவி கவுன்சில் வரை போன மேல்முறையீடு 1832-ல் தள்ளுபடியானது. அதுவரை யாரும் ரிக் வேதத்தைத் திறந்து அந்த வரியைச் சரிபார்த்ததாகத் தெரியவில்லை.

திறந்து பார்த்தவர் ஆக்ஸ்ஃபோர்டு சம்ஸ்கிருதப் பேராசிரியர் எச்.எச். வில்சன். 1829-ன் தடைக்கு முன் கருத்துக் கேட்கப்பட்டபோது 'வேண்டாம், மதத்தில் தலையிடுவதாகும்' என்று சொன்னவரும் இவரேதான். 1854-ல் அவர் லண்டனில் படித்த கட்டுரை விஷயத்தைப் போட்டு உடைத்தது: மூலத்தில் இருப்பது 'அக்ரே'. நெருப்பு என்ற பேச்சே இல்லை.

இதை எப்படி அவ்வளவு உறுதியாகச் சொல்ல முடிந்தது? ரிக் வேதம் எழுத்தை நம்பி வாழ்ந்த நூல் அல்ல. சொல் சொல்லாகப் பிரித்து ஓதும் பத பாடம், அடுத்தடுத்த சொற்களைப் பிணைத்து ஓதும் கிரமம், முன்னும் பின்னுமாகத் திருப்பி ஓதும் ஜடை, கனம் என்று பல பூட்டுகள் போட்டுக் காக்கப்பட்டது. ஏட்டில் நழுவலாம், இத்தனை பூட்டுகளையும் மீறி வாய்ப்பாடத்தில் நழுவுவது அநேகமாக நடக்காத காரியம். 14-ம் நூற்றாண்டில் விஜயநகரத்தில் உரை எழுதிய சாயணரும் 'அக்ரே' என்றே கொண்டு பொருள் சொல்கிறார். அடுத்த மந்திரமோ, கணவன் உடலருகே படுத்திருப்பவளை 'எழுந்து உயிர் வாழ்வோரின் உலகத்துக்கு வா' என்ற கருத்தில் அழைக்கிறது. அவளைக் கைபிடித்து எழுப்ப வேண்டியவர் யார் என்பதையும் ஆசுவலாயன கிருஹ்ய சூத்திரம் சொல்கிறது: கொழுந்தன், அல்லது சீடன், அல்லது வயதான வேலைக்காரன். எரிப்பதற்கா இத்தனை ஏற்பாடு?

புரோகிதர்கள் வேண்டுமென்றே செய்த மோசடி என்று மாக்ஸ் முல்லர் கொதித்தார். அந்தக் கோபத்துக்கு வசீகரம் உண்டு, ஆதாரம் போதாது. ஏடு எழுதியவரின் கைப்பிழையாகவோ அச்சுப் பிழையாகவோ இருக்கவே வாய்ப்பு அதிகம். காரணம் எளிது. அந்த மந்திரத்திலேயே 'அவிதவா' என்ற சொல் இருக்கிறது. விதவை அல்லாதவர்கள் என்று பொருள். அதை அப்படியே விட்டுவிட்டு ஓர் எழுத்தை மட்டும் மாற்றியவன் மோசக்காரன் என்றால், படு மந்தமான மோசக்காரன். 'அக்னேஹ்' என்றே வைத்துக்கொண்டாலும், தீயில் இறங்க வேண்டியவர்கள் சுமங்கலிகள் என்றல்லவா ஆகிறது?

வைதீகத் தரப்பு விடவில்லை. கல்கத்தாவின் ராதாகாந்த தேவ், ரிக் வேதத்தில் இல்லாவிட்டால் என்ன, யஜுர் வேதத்தின் வேறொரு சாகையில் இருக்கிறது என்று வில்சனுக்கு எழுதினார். அந்தச் சாகையோ கைக்குக் கிடைக்கும் வேதப் பகுதிகளில் சேர்ந்ததல்ல. தொலைந்த சாட்சியைக் கூண்டில் ஏற்றுவதில் ஒரு சௌகரியம், குறுக்கு விசாரணை கிடையாது.

இதே காலத்தில் கட்சிகள் இடம் மாறிய கூத்தும் நடந்தது. விதவை மறுமணத்துக்கு ஈசுவர சந்திர வித்யாசாகர் பராசர ஸ்மிருதியிலிருந்து ஆதாரம் காட்டினார். கணவன் காணாமல் போனாலோ இறந்தாலோ பெண் வேறு கணவனை அடையலாம் என்கிற சுலோகம் அது. இப்போது எழுத்தை நோண்டியவர்கள் எதிர்த்தரப்பினர். 'பதௌ' என்பது இலக்கணப்படி சரியில்லை, முன்னால் ஓர் அகரம் சேர்த்து 'அபதௌ' என்று படிக்க வேண்டும். அது கணவனை அல்ல, நிச்சயிக்கப்பட்ட மாப்பிள்ளையையே குறிக்கும் என்றார்கள். அதே சுலோகம் நாரத ஸ்மிருதியிலும் இருந்தது வித்யாசாகருக்குப் பலம். 1856-ல் மறுமணச் சட்டம் வந்தது.

ஆனால் வித்யாசாகரின் அதே பராசரத்தில், மறுமணச் சுலோகத்தைத் தொடர்ந்து உடன்கட்டையைப் புகழும் வரிகளும் வருகின்றன. விஷ்ணு ஸ்மிருதியும் அதை விதவைக்குரிய வழிகளில் ஒன்றாகச் சொல்கிறது. பிடிக்கவில்லை என்பதற்காக இவற்றையெல்லாம் இடைச்செருகல் என்று தள்ள முடியாது. ரிக் வேத வரிக்குக் கிடைத்தது போன்ற நிரூபணம் இங்கே இல்லை. மரபுக்குள்ளேயே இதை மறுத்தவர்கள் உண்டு என்று வேண்டுமானால் காட்டலாம். மனுவுக்கு உரை எழுதிய மேதாதிதி இதைத் தர்மம் என்று ஏற்கவில்லை. 7-ம் நூற்றாண்டின் பாணபட்டர் 'காதம்பரி'யில், பயனற்ற மடமை என்றே கண்டித்தார்.

1987 செப்டம்பர் 4 அன்று ராஜஸ்தானின் தேவ்ராலா கிராமத்தில் 18 வயது ரூப் கன்வர் கணவனின் சிதையில் எரிந்தபோது, வில்சனின் கட்டுரை வெளிவந்து 130 ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது. உயர் நீதிமன்றம் தடை விதித்தும் 13-ம் நாள் சடங்குக்குப் பெருங்கூட்டம் திரண்டது. அப்போதைய பூரி சங்கராச்சாரியார் நிரஞ்சன் தேவ் தீர்த்தர் உடன்கட்டைக்குச் சாஸ்திர சம்மதம் உண்டு என்று பகிரங்கமாக வாதிட்டார். அதே ஆண்டு நாடாளுமன்றம் இயற்றிய புதிய சட்டம் உடன்கட்டையைப் போற்றுவதையும் குற்றமாக்கியது. கொலை வழக்கில் குற்றம் சாட்டப்பட்டவர்கள் 1996-ல் விடுதலையானார்கள். போற்றிய வழக்கில் எஞ்சியிருந்த 8 பேரையும் 2024 அக்டோபரில் ஜெய்ப்பூர் நீதிமன்றம் விடுவித்தது.