செல்போன் சொன்னா எல்லாம் சரியா?

டீக்கடையில் ஒரு சந்தேகம் கிளம்பினால் முன்பெல்லாம் அரை மணி நேரம் வாக்குவாதம் நடக்கும். இப்போது அரை நிமிஷம்தான். ஒருவர் செல்போனை எடுப்பார். தட்டுவார். "பாத்தியா, இதுலயே போட்டிருக்கு!" என்பார். அதோடு சரி. தீர்ப்பு ஆகிவிட்டது!

"எல்லாம்தான் போன்ல இருக்கே, அப்புறம் எதுக்குய்யா பொது அறிவு?" என்று கேட்பவர்கள் பெருகிவிட்டார்கள்.

எதற்கா? போன் சொல்வது சரியா, தப்பா என்று கண்டுபிடிக்கத்தான்! நல்ல நோட்டை எண்ணிப் பழகிய கடைக்காரர் கையில்தான் கள்ள நோட்டு தட்டுப்படும். அறிவும் அப்படித்தான்.

"சிப்" கதை

2016 நவம்பரில் புதிய 2,000 ரூபாய் நோட்டு வந்தது. "அதுக்குள்ள சிப் இருக்கு. பூமிக்கு அடியில புதைச்சாலும் செயற்கைக்கோள் காட்டிக் குடுத்திடும்" என்று ஒரு கதை பறந்தது. டி.வி.யிலும் வந்தது. படித்தவர்களே நம்பினார்கள். அந்த நோட்டைப் பற்றி ரிசர்வ் வங்கி வெளியிட்ட விவரத்தில் சிப் என்ற பேச்சே கிடையாது. அதை ஒரு தடவை பார்த்திருந்தால் கதை அன்றைக்கே செத்திருக்கும். பார்த்தவர்கள் எத்தனை பேர்?

உயிர் போனது

நோட்டுக் கதை சிரிப்போடு போயிற்று. எல்லாக் கதையும் அப்படிப் போவதில்லை.

2018 மே மாதம் "பிள்ளை பிடிக்கிற கும்பல் வந்திருக்கு" என்று வாட்ஸ்-அப்பில் வதந்தி பரவியது. அந்தச் சமயம் சென்னையில் இருந்து ஒரு குடும்பம் திருவண்ணாமலை மாவட்டம் போளூர் பக்கம் குலதெய்வம் கோவிலுக்குப் போனது. வழியில் சிறுவர்களுக்கு ஒரு மூதாட்டி சாக்லெட் கொடுத்தார். அவ்வளவுதான்! கும்பல் சூழ்ந்து அடித்ததில் மூதாட்டி செத்துப்போனார். கூட வந்தவர்கள் படுகாயம் அடைந்தார்கள். "இது யார் சொன்னது?" என்று கேட்க அங்கே ஆள் இல்லை.

ஒரே நேரத்தில் 5 இடங்களுக்கு மேல் செய்தியைத் தள்ளிவிட முடியாதபடி வாட்ஸ்-அப் நிறுவனம் இந்தியாவில் கட்டுப்பாடு கொண்டுவந்தது 2018 ஜூலையில். போன உயிர் திரும்பவா போகிறது?

வக்கீல்களும் மாட்டினார்கள்

படிக்காதவர்கள்தான் ஏமாறுவார்கள் என்று நினைத்தால் அது தப்பு. நியூயார்க்கில் வக்கீல்கள் சிலர் "சாட்-ஜி.பி.டி."யைக் கேட்டு, பழைய தீர்ப்புகள் என்று கோர்ட்டில் எழுதிக் கொடுத்தார்கள். நீதிபதி தேடிப் பார்த்தார். அப்படி வழக்குகளே நடக்கவில்லை! 2023 ஜூனில் 5 ஆயிரம் டாலர் அபராதம் விழுந்தது.

சிறுமி செய்த காரியம்

இந்தியாவின் தேசிய விளையாட்டு எது? "ஹாக்கி" என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார்கள். 2012-ல் ஒரு பள்ளிச் சிறுமி தகவல் உரிமைச் சட்டப்படி அரசாங்கத்தையே கேட்டார். "எந்த விளையாட்டையும் அப்படி அறிவிக்கவில்லை" என்று மத்திய விளையாட்டு அமைச்சகம் பதில் கொடுத்தது. ஊரே சொன்னாலும் மூலத்தைக் கேட்பது என்பது இதுதான்.

செல்போன்மேல் பழி போட்டுப் பயனில்லை. பெரியசாமித் தூரன் தலைமையில் 1954 முதல் 1968 வரை வெளிவந்த 10 தொகுதி கலைக்களஞ்சியம் இன்று அதே செல்போனில் இலவசமாகக் கிடைக்கிறது. எழும்பூரில் 1896-ல் திறந்த கன்னிமாரா நூலகம் இன்றும் இருக்கிறது. தேடுகிறவர்தான் வேண்டும்.

யார் சொன்னது? எப்போது சொன்னது? வேறு யாராவது சொல்லியிருக்கிறார்களா? இந்த மூன்று கேள்விக்கும் பதில் தேட, கடற்கரையில் ஏறிய மின்சார ரெயில் மாம்பலம் வந்து சேரும் நேரம் தாராளம். அதற்கும் பொறுமை இல்லையென்றால், அடுத்தவருக்கு அனுப்பாமலாவது இருக்கலாமே!